மகள் இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். படித்து முடித்தால் மேடை கிடைக்குமா?

கொலுசுப்பட்டறை (செவ்வாய், இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு யாருக்கும் சங்கீதம் தெரியாது. மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பாட்டு வகுப்புக்குப் போகிறாள். வர்ணமெல்லாம் முடிந்து கீர்த்தனைக்கு வந்து நாளாகிவிட்டது. போன நவராத்திரிக்குப் பக்கத்துக் கோயிலில் ஒரு மணி நேரம் தனியாகப் பாடினாள். நன்றாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெற்றவனிடம் வேறு எப்படிச் சொல்வார்கள்.

இப்போது கோவை அரசு இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். பி.காம். படித்துக்கொண்டே பாட்டையும் தொடரலாமே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் விசாரித்துவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. என் கேள்வி ஒன்றுதான். அந்தப் படிப்பை முடித்தவர்கள் நிஜமாகவே கச்சேரி செய்து பிழைக்கிறார்களா? அல்லது பத்துப் பிள்ளைகளுக்கு சரளி வரிசை (ஆரம்பப் பாடம்) சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறார்களா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், கணக்கு வேண்டும்.


வில்லும்_தந்தியும் (செவ்வாய், இரவு 10.05)

அண்ணா, நான் ஓர் அரசு இசைக் கல்லூரியில் வயலின் படித்தவன். இப்போது அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறேன். இசையைத் தவிர வேறு வருமானம் கிடையாது. ஆனாலும் ‘கச்சேரி செய்து பிழைக்கிறேன்’ என்று சொன்னால் அது பாதிப் பொய்.

நீங்கள் கேட்ட கணக்கு இதோ. மாதா மாதம் தவறாமல் வருவது டியூஷன் பணம். அடுத்தது பரதநாட்டிய அரங்கேற்றம். சேலத்தில் நடனப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. கோடை விடுமுறை வந்தால் ஒன்று மாற்றி ஒன்று நடக்கும், ஒத்திகைக்கும் சேர்த்தே பேசி வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் கல்யாண ரிசப்ஷனில் இன்ஸ்ட்ருமென்டல். வந்தவர்கள் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாம் வாசித்துக்கொண்டிருப்போம். கவர் மட்டும் கனமாக இருக்கும். நீங்கள் நினைக்கிற கச்சேரி, அதாவது ராமநவமி, நவராத்திரி, தியாகராஜ ஆராதனை மாதிரி உட்கார்ந்து கேட்கிற கச்சேரி, கடைசியில்தான் வரும். அதில் மனசு நிறையும், பை நிறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் வயலினும் மிருதங்கமும் படித்தவர்களை இரண்டாம் வருஷத்திலேயே வெளியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். குரலிசை படித்தவர்கள் மூன்றாம் வருஷம் முடித்தும் மேடை தேடிக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது. ஒரு பாட்டுக் கச்சேரி என்றால் பாடுகிறவர் ஒருவர், பக்கவாத்தியம் இரண்டு மூன்று பேர். பாட்டுப் படிப்பவர்களோ பக்கவாத்தியம் படிப்பவர்களைவிட அதிகம். அதோடு, மேடை கிடைத்த புதுப் பாடகி பக்கவாத்தியக்காரர்களுக்குத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு யாராவது கொடுப்பார்கள். உங்கள் மகளுக்கு வயலினோ வீணையோ கூடவே கற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.


ஐடி_ரசிகன் (செவ்வாய், இரவு 10.31)

பி.காம். யோசனைதான் சரி என்பேன். இன்றைக்கு முன்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள். சஞ்சய் சுப்ரமண்யன் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். சௌம்யா ஐஐடி மெட்ராஸில் வேதியியல் படித்தவர். டி.எம். கிருஷ்ணா பொருளாதாரம். யாரும் இளங்கலையில் இசைக் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. நல்ல குரு, வீட்டில் சாதகம் (தினசரிப் பயிற்சி), கையில் ஒரு டிகிரி. மேடை வராவிட்டாலும் சோறு உண்டு.


மந்தைவெளி_சேலத்தாள் (புதன், காலை 6.40)

ரசிகரே, நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் சென்னையில் வளர்ந்தவர்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். காலேஜ் முடிந்து சாயங்காலம் குரு வீட்டுக்குப் போகலாம், ராத்திரி சபாவில் போய் உட்கார்ந்து பெரியவர்கள் பாடுவதைக் கேட்கலாம். செவ்வாய்ப்பேட்டைப் பெண்ணுக்கு அது எங்கே கிடைக்கும்? சேலத்திலிருந்து சென்னை கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர்.

இன்னொரு விஷயம். சௌம்யா யாரிடம் கற்றார்? டாக்டர் எஸ். ராமநாதனிடம். அந்த ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ‘சங்கீத பூஷணம்’ படித்தவர். 1929-ல் ராஜா அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார், பிறகு அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை மாதிரி ஆட்கள் அங்கே பாடம் சொன்னார்கள். அப்படிப் படித்து வந்த ஒருவர்தான் ஐஐடி மாணவிக்கு குருவானார். அந்த மாணவியும் பிறகு இசையில் முனைவர் பட்டம் வாங்கி, தமிழ்நாட்டு இசைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். ஆக கல்லூரி வேறு, மேடை வேறு என்று கோடு கிழித்துப் பேசுவது சரிவராது.

சீர்காழி கோவிந்தராஜனும் அப்படித்தான். சென்னை தமிழிசைக் கல்லூரியில் சேர்ந்து 1949-ல் ‘இசைமணி’ பட்டம் வாங்கினார். அங்கே ஆசிரியராக இருந்த புல்லாங்குழல் வித்வான் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையையே குருவாகப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கிறவர்கள் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். வகுப்பில் முப்பது பேரோடு உட்கார்ந்து கற்றது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். முப்பது பேருக்கு ஒரே பீரியடில் கீர்த்தனை சொல்லிக்கொடுக்கலாம். ஆலாபனை, அதாவது வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவதை, சொல்லிக்கொடுக்க முடியாது. தோடியைத் தொட்டு இரண்டு சங்கதி பிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நிரவலும் கல்பனா ஸ்வரமும், அதாவது அந்த நேரத்திலேயே கற்பனை செய்து பாடுவதெல்லாம், ஒருவரின் எதிரில் தனியாக உட்கார்ந்து, பாடி, திட்டு வாங்கி, மறுபடி பாடித்தான் வரும். கல்லூரி ஆசிரியர்களில் யார் சாயங்காலம் அப்படி உட்காரவைத்துச் சொல்லித்தருவார் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். கட்டிடத்தை விசாரித்துப் பிரயோஜனமில்லை.

நான் யார் என்றால், அம்மாப்பேட்டையில் பிறந்து, கல்லூரியில் படித்து, இப்போது சென்னையில் பாடிக்கொண்டிருப்பவள். டிசம்பர் சீசனில் எனக்கு மதியக் கச்சேரி. கேட்பவர்களில் பாதிப் பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். அதுவும் ஒரு மேடைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சபாவில் ‘ஸ்பான்சர் யாராவது பிடித்துக் கொடுங்கள், மாலை ஸ்லாட் தருகிறோம்’ என்றார்கள். என் அப்பா தறி ஓட்டியவர். ஸ்பான்சருக்கு எங்கே போவார்? கொலுசுப்பட்டறை அண்ணா, இந்தச் செலவையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வயலின், மிருதங்கம், கடம், கார் வாடகை, புடவை. ஆரம்ப வருஷங்களில் சன்மானமாக வருவது இதில் பாதியைக்கூடத் தொடாது.


சீவாளி (புதன், காலை 11.20)

மேலே எல்லோரும் சபா சபா என்கிறீர்கள். எங்கள் பிழைப்பில் அந்தக் கணக்கே கிடையாது.

நான் நாதஸ்வரம். தாத்தா காலத்திலிருந்து தொழில். அப்பாவிடம்தான் பாடம். ஆனாலும் சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்ந்து மூன்று வருஷம் படித்து சான்றிதழ் வாங்கினேன். ஏன் என்று கேளுங்கள். அறநிலையத் துறை கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம், ஓதுவார் பணிக்கு ஆள் எடுக்கும்போது இசைப்பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அப்பா வாசித்ததைக் கேட்டு ஊரே எழுந்து நின்றிருக்கலாம், அதை விண்ணப்பத்தோடு இணைக்க முடியாது.

அந்தப் பள்ளியில் நாதஸ்வரம், தவில், தேவாரம் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதத்துக்கு ஏழாம் வகுப்பு. மூன்றாண்டுப் படிப்பு. கல்லூரி எல்லாம் அதற்கு மேல்தான். உள்ளூரிலேயே இருக்கிறது, அதைப்பற்றி இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பொண்ணுக்குத் தேவாரத்தில் நாட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள் அண்ணா. 2021-ல் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஒரு பெண்ணை ஓதுவாராக அரசு நியமித்தது. கரூர் இசைப்பள்ளியில் படித்தவர் அவர். கோயிலில் தினம் பாடுவதும் மேடைதான், மாதச் சம்பளமும் வரும்.

வெளியூர்க்காரர்கள் ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை, மேளக்காரர்களுக்குப் பட்டினி என்பார்கள். நம் ஊரில் தலைகீழ். கோட்டை மாரியம்மனில் தொடங்கி எல்லா மாரியம்மன் கோயிலிலும் ஆடித் திருவிழா. குகையில் வண்டி வேடிக்கை நடக்கிற அன்று ஊரில் ஒரு செட்டும் சும்மா இருக்காது. மார்கழி, புரட்டாசிதான் எங்களுக்கு இழுபறி.


ஐடி_ரசிகன் (புதன், மதியம் 1.02)

சேலத்தாள் அக்கா, ராமநாதன் விஷயம் எனக்குப் புதுசு, சரி. ஆனால் நீங்கள் சொன்ன செலவுப் பட்டியலே என் கட்சிக்குத்தான் பலம். அந்தச் செலவை யார் தாங்குவார்கள்? வேலையில் இருப்பவர்தானே? பி.காம். படித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தால் மிருதங்கக்காரருக்குக் கொடுக்க அவள் கையிலேயே காசு இருக்கும்.


மந்தைவெளி_சேலத்தாள் (புதன், மதியம் 1.30)

காசு இருக்கும். சாதகம் பண்ண விடிகாலை நாலு மணி இருக்குமா? பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை குரல் எப்படி வளைகிறதோ அதுதான் பிற்பாடு. அந்த வருஷங்களை டேலி என்ட்ரிக்குக் கொடுத்துவிட்டு முப்பது வயதில் மேடை கேட்டால்? சிலருக்கு இரண்டையும் தாங்கும் உடம்பு இருக்கிறது. எனக்கு இல்லை, அவ்வளவுதான்.


மலைப்பாதை_20 (புதன், மாலை 5.48)

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு பள்ளியில் பியானோவும் கோரஸும் சொல்லிக்கொடுக்கிறேன். திரியின் கேள்வி கர்நாடக இசை பற்றியது என்று தெரியும், ஆனாலும் எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். சில விஷயங்கள் பொருந்தும்.

மான்ட்ஃபோர்ட் 1917-லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்தே இந்த மலையில் கான்வென்ட், போர்டிங் பள்ளி எல்லாவற்றிலும் மேற்கத்திய இசை உண்டு. பிள்ளைகள் லண்டன் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிரேடு எழுதுவார்கள். எட்டாவது கிரேடு முடித்தவுடன் பெற்றோர் ‘முழுப் படிப்பும் முடிந்தது’ என்று இனிப்புக் கொடுப்பார்கள். நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். எட்டாவது கிரேடு என்பது இசைக் கல்லூரியில் நுழைவதற்கான தகுதி மாதிரிதான். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாவது கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஐந்தாவது கிரேடு தியரி மாதிரி ஒன்றைத் தாண்டியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் தியரிக்குப் பயந்த பிள்ளைகள் அங்கே ஓடிவிடுவார்கள். பிற்பாடு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் நோட்டேஷன் தாளை முன்னால் வைத்து ‘வாசி’ என்றால் விழிப்பார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரியில் சேர்ந்தான். படிப்பு முடிந்து அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு இல்லை. கூடப் படித்த ஒரு டிரம்மர். அந்த டிரம்மருக்கு ஒரு விளம்பர ஜிங்கிள் வந்தது, கீபோர்டுக்கு ஆள் வேண்டியிருந்தது, இவனைக் கூப்பிட்டான். அதிலிருந்து இன்னொன்று. இசையில் வேலைக்கு விண்ணப்பம் போடுவதெல்லாம் குறைவு. ‘யாராவது இருக்கிறார்களா’ என்று போனில் கேட்கும்போது யார் வாயில் உங்கள் பெயர் வருகிறதோ அதுதான் வேலை. கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு அந்த வட்டம் அமைய ரொம்ப நாளாகும்.

இங்கே மலையில் ரிசார்ட்டுகளில் வார இறுதியில் கிதாரும் பாட்டும் வைக்கிறார்கள். மே மாதம் கோடை விழாவில் கலைநிகழ்ச்சி மேடை இருக்கிறது. அதை வைத்து ஒருவர் முழு வருஷமும் ஓட்ட முடியாது. என் மாணவர்களில் இங்கேயே தங்கி வாசித்துப் பிழைப்பவர் யாரும் இல்லை, எல்லோரும் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போனவர்கள்தான்.


ரிதம்_பேட் (புதன், இரவு 8.15)

லைட் மியூசிக்காரன் பேசலாமா? 😀

ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஈரோடு, நாமக்கல், தர்மபுரி வரை போவோம். எங்களுக்குப் பெண் பாடகிகள் எப்போதும் குறைவு. இசைக் கல்லூரியில் படித்த பெண்கள் வருவார்கள், சுருதி சுத்தம், தாளம் சுத்தம், எல்லாம் சுத்தம். மைக்கைக் கையில் கொடுத்தால் நிற்கத் தெரியாது. சினிமாப் பாட்டில் ஒவ்வொரு எழுத்தையும் கமகத்தோடு இழுப்பார்கள். காலையில் பாட்டை அனுப்பினால் சாயங்காலம் மேடையில் பாட வேண்டும். ஆண் பாடகருக்காகக் கட்டையை (சுருதியை) மாற்றினால் கலங்கக் கூடாது. இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆனால் அந்தச் சுத்தம் உள்ளவர்கள் ஒரு வருஷத்தில் இதைப் பழகிவிடுகிறார்கள். அது இல்லாமல் வந்தவர்களுக்குச் சுருதி பிடிக்கவே வருஷக்கணக்காகிறது. ஆக, படிக்க வையுங்கள் அண்ணா. ஆடியில் எங்களோடு வந்து ஏழெட்டு மேடை பாடட்டும். கூச்சம் போய்விடும்.


கொலுசுப்பட்டறை (புதன், இரவு 9.50)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வயலின் கற்றுக்கொள்ளச் சொன்ன தம்பியின் பதிவுக்கு, ‘நான் பக்கத்தில் உட்காரப் போகவில்லை, நடுவில் உட்காரப் போகிறேன்’ என்றாள். ஆர்கெஸ்ட்ரா என்றதும் அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இரண்டு சந்தேகம். ரேடியோவில் கிரேடு வாங்கிய வித்வான் என்று போஸ்டரில் போடுகிறார்களே, அது என்ன, அதில் வருமானம் உண்டா? இன்னொன்று, அரசு ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கிறதா?


வில்லும்_தந்தியும் (புதன், இரவு 10.40)

தங்கச்சி சொன்னது பிடித்திருக்கிறது. நடுவிலேயே உட்காரட்டும். 🙏

அகில இந்திய வானொலியில் குரல் தேர்வு, வாத்தியத் தேர்வு வைப்பார்கள். பாடுகிறவர் யார் என்று தெரியாமல், ஒலிப்பதிவை மட்டும் கேட்டு மதிப்பிடுவது அந்த முறையின் சிறப்பு. தேறினால் பி, அதற்கு மேல் பி-ஹை, பிறகு ஏ, உச்சியில் டாப். கிரேடு உள்ளவரை நிலையம் அவ்வப்போது நிகழ்ச்சிக்குக் கூப்பிடும், கிரேடுக்கு ஏற்ற கட்டணம் தரும். அதை மட்டும் வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆனால் ஊர் ஊருக்கு விழாக் கமிட்டிக்காரர்கள் முதலில் கேட்பது ‘எந்த கிரேடு’ என்பதைத்தான். ராகம் தெரியாத தர்மகர்த்தாவுக்கும் பி-ஹை என்றால் என்னவென்று தெரியும். கல்லூரியில் இருக்கும்போதே தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் உண்டு. அது நல்ல வழி. ஒரு தேர்வுக்காகப் பாட்டையும் ராகத்தையும் இழைத்து வைத்திருப்பது செமஸ்டர் தேர்வை விட ஒழுங்கைக் கொண்டுவரும்.

ஸ்காலர்ஷிப் என்றால், மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குத் தருகிறது. ஒரு குருவிடம் மேல்பயிற்சி பெறுவதற்கான உதவித்தொகை அது. ஏற்கனவே நன்றாகப் பாடுகிறவர்களுக்குத்தான் நேர்காணலில் கிடைக்கும். கல்லூரி முடிக்கிற சமயத்தில் போடலாம். மாநிலத்தில் கலை பண்பாட்டுத் துறை மாவட்டம் தோறும் கலை இளமணி, வளர்மணி என்று வயது வாரியாக விருது கொடுக்கிறது. தொகை சின்னதுதான், பயோடேட்டாவில் எழுதலாம்.


ஓய்வு_இசையாசிரியர் (வியாழன், காலை 7.15)

கொலுசுப்பட்டறை ஐயா அவர்களுக்கு. அரசுப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘சரளி வரிசை சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறார்களா’ என்று கேட்டிருந்தீர்கள். கோபமில்லை. ஆனால் அந்த வேலையே எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் தேர்வை அறிவித்தபோது மொத்தம் 1325 இடங்கள். அதில் உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327, தையலுக்கு 249. இசைக்கு 86. தமிழ்நாடு முழுவதற்கும் 86. மேடை கிடைக்காவிட்டால் டீச்சர் வேலை இருக்கவே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் தனியாகப் படிக்க வேண்டும். இசைக் கல்லூரியில் பட்டயத்துக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சி ஒரு வருஷம் இருக்கிறது. தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் என்று இருக்கிறது. எல்லாச் சான்றிதழையும் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

பட்டயமா பட்டமா என்று யோசிப்பீர்கள். பெண் பிளஸ் டூ முடிக்கிறாள் என்பதால் பட்டப்படிப்பு இருக்கும் இடத்தில் பட்டத்துக்கே போகட்டும். பிறகு எம்.ஏ., நெட் தகுதித் தேர்வு என்று கல்லூரி ஆசிரியர் வழி திறந்திருக்கும். மேடைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.


சீவாளி (வியாழன், காலை 9.05)

ஐயா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். ரசிகர் சொன்ன ‘நல்ல குரு, வீட்டில் சாதகம்’ என்பது வீட்டில் ஏற்கனவே சங்கீதம் உள்ளவர்களுக்குச் சொல்கிற வழி. எங்கள் வீட்டில் இருந்தது, எனக்குக் கிடைத்தது. அண்ணன் வீட்டில் இல்லை. ராகத்தின் பெயர் தெரிந்தவர், தாளம் தப்பினால் முகம் சுளிப்பவர் யாருமே சுற்றி இல்லாமல் ஒரு பிள்ளை எப்படி வளரும்? காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலு பக்கமும் சுருதி கேட்கிற இடத்தில் மூன்று வருஷம் இருக்கட்டும். பழைய குருகுலத்துக்கு எல்லோரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தே சேர்த்தார்கள். அரசுப் பள்ளியும் கல்லூரியும் வந்த பிறகுதான் நெசவாளி வீட்டுப் பெண்ணும் பட்டறைக்காரர் பெண்ணும் வரிசையில் நிற்க முடிகிறது. பிறகு எந்தச் சபா யாருக்குக் கதவு திறக்கிறது என்பது வேறு சண்டை. அதை இங்கே தொடங்கினால் மாடரேட்டர் பூட்டிவிடுவார்.


ஐடி_ரசிகன் (வியாழன், காலை 9.40)

அந்த ‘வீட்டில் ஏற்கனவே சங்கீதம்’ என்ற பாயிண்டை ஒப்புக்கொள்கிறேன். செலவு விஷயத்தில் இன்னும் என் கட்சிதான்.


மாடரேட்டர் (வியாழன், காலை 9.44)

பூட்டவில்லை. தலைப்பை விட்டு விலகாமல் இருங்கள்.


கொலுசுப்பட்டறை (வியாழன், இரவு 10.20)

முடிவெடுத்துவிட்டோம். கோவைக்கு விண்ணப்பம் போடுகிறாள், பட்டப்படிப்புக்கு. என் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். மூன்றாம் வருஷம் முடிவதற்குள் வானொலித் தேர்வு எழுதிவிட வேண்டும். அவள் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். அதுவரை நான் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. அம்மாவுக்கு இரண்டு நிபந்தனையும் பிடிக்கவில்லை. பார்ப்போம்.

செலவுக் கணக்கையும் எழுதிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒரு தொகையை இப்போதிலிருந்தே தனியாக எடுத்து வைக்கிறேன், பின்னால் பக்கவாத்தியத்துக்குக் கொடுக்க. ரசிகர் தம்பி சிரித்துக்கொள்ளலாம்.

சேர்க்கைக்கு நேரில் பாடிக் காட்டச் சொல்வார்களாம். என்ன பாடுவது?


மந்தைவெளி_சேலத்தாள் (வியாழன், இரவு 11.05)

நிபந்தனை இரண்டுமே நல்ல நிபந்தனை அண்ணா!

அவளுக்கு நன்றாகத் தெரிந்த, பாடிப் பாடிப் பழகிய ஒரு வர்ணம், இரண்டு காலத்திலும் (வேகத்திலும்). ஒரு சின்னக் கீர்த்தனை, தமிழில் இருந்தால் நல்லது. சேர்க்கையில் பெரிய உருப்படியை எடுத்து அசத்தப் பார்க்கிற பிள்ளைகள் அனுபல்லவியிலேயே மூச்சு வாங்குவார்கள். கேட்பவர்கள் பார்ப்பது சுருதி சேர்கிறதா, தாளம் கையில் நிற்கிறதா, சொன்னதைத் திருப்பிப் பாடுகிறாளா, அவ்வளவுதான். போன் ஆப்பில் சுருதி வைத்துக்கொண்டு போக வேண்டாம், நடுவில் அழைப்பு வந்து நின்றுவிடும். சுருதிப்பெட்டி எடுத்துப் போகட்டும். முந்தின நாளே கோவை போய்த் தங்கிவிடுங்கள், பஸ்ஸில் தூங்காமல் வந்து பாடினால் மேல் ஸ்தாயி எடுக்காது.

சேர்ந்த பிறகு முதல் வருஷமே ஒரு வயலின் பிள்ளை, ஒரு மிருதங்கப் பிள்ளையோடு சேர்ந்து வாரம் ஒருமுறையாவது முழுக் கச்சேரி மாதிரி பாடிப் பழகச் சொல்லுங்கள். மலைப்பாதை சார் சொன்ன வட்டம் என்பது இதுதான். அந்த மூன்று பேரும் சேர்ந்தே சின்னக் கோயில் மேடைகளைக் கேட்டு வாங்கலாம், வருவதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அப்போது உங்கள் உண்டியலை உடைக்க வேண்டிய நாளும் தள்ளிப் போகும்.


ரிதம்_பேட் (வியாழன், இரவு 11.20)

ஆடிக்கு நான் கூப்பிட்டதையும் மறக்காதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும், முன்வரிசையில் சேர் போடுகிறோம்.


புதுத்_தனி (வெள்ளி, காலை 8.02)

திரிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். சேலத்தில் மிருதங்கத்துக்கு வலந்தலை மூட்டு (வலப்பக்கத் தோல்) அடிக்கிறவர் யாராவது இருக்கிறார்களா? ஒவ்வொரு தடவையும் வெளியூருக்குக் கொடுத்து அனுப்புவது கட்டுப்படியாகவில்லை.


வில்லும்_தந்தியும் (வெள்ளி, காலை 8.30)

இருக்கிறார். தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். ஆடிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், அப்புறம் தவில்காரர்கள் கூட்டம் வந்துவிடும், உங்கள் வாத்தியம் மூலையில் கிடக்கும்.